தாட்சண்யம் தன நாசம்

(நமது சங்கத்தின் உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'அசர்ட்டிவ்னெஸ்'. இதற்குச் சரியான தமிழ் வார்த்தை என்ன என்று செயலாளர் என்னைக் கேட்டார். அதற்கு ஈடான வார்த்தை எனக்குச் சட்டென்று கிடைக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் போனால் வரும் வியாதிக்கு நம்மிடம் அருமையான வார்த்தை இருக்கிறது: தாட்சண்யம். எதிரில் இருப்பவர் என்ன நினைத்துக்கொள்வாரோ என்று, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. தாட்சண்யம் தன நாசம் என்று நம் பாட்டிமார்கள் பழமொழியே சொல்லி வைத்திருக்கிறார்கள். தனம் மட்டும் நாசமானால் பரவாயில்லை, சில சமயம் பிராணனும் போகிறது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவன் நான். புதிதாக வரும் அதிகாரிகளிடம் முதல் நாள் ஒரு கேள்வி கேட்பேன்: "ஹோட்டலில் காபி ஆறிப்போய் வருகிறது. என்ன செய்வீர்கள்?" நிறையப் பேர், "குடித்துவிட்டு வந்துவிடுவோம் சார்" என்பார்கள். சிலர், "சர்வரைப் பிடிபிடியென்று பிடிப்போம்" என்பார்கள். "இது ஆறியிருக்கிறது, சூடாக வேறு கொண்டு வாருங்கள் என்று சாதாரணமாகச் சொல்வேன்" என்பவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்.

இந்த மூன்றாவது வழிதான் அசர்ட்டிவ்னெஸ். முதல் வகை தன்னை மதிக்காத வகை. இரண்டாவது அடுத்தவரை மதிக்காத வகை. மூன்றாவது இருவரையும் மதிக்கும் வகை. அமெரிக்காவில் ஆண்ட்ரூ சால்ட்டர் என்ற மனோதத்துவ நிபுணர் 1949-லேயே இதைப் பழக்கத்தால் வளர்க்கலாம் என்று எழுதினார். 1970-ல் ஆல்பெர்ட்டி, எம்மன்ஸ் என்ற இருவர் பொதுமக்களுக்காகவே ஒரு புத்தகம் போட்டார்கள். அதன் பிறகு உலகம் முழுவதும் ஆபீஸ்களில் இந்தப் பயிற்சி பரவியது. இவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: இது பிறவிக் குணம் இல்லை, சைக்கிள் ஓட்டுவது போலப் பழகிக்கொள்ளக் கூடியது.

"இதெல்லாம் ஆபீஸ் சமாசாரம், ரிடையர் ஆன எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஆகாய விமானங்களுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருவோம்.

1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். ஒன்று ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லை. அதற்குள் மற்றொன்றின் கேப்டன் புறப்படக் கிளம்பிவிட்டார். அவர் அந்தக் கம்பெனியிலேயே மிகவும் சீனியர், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினீயருக்குச் சந்தேகம் வந்து, அந்த விமானம் விலகிவிட்டதா என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாக "ஆமாம்" என்றார். இன்ஜினீயர் அதற்கு மேல் பேசவில்லை. சில விநாடிகளில் இரண்டும் மோதின. 583 பேர் மாண்டார்கள். விமானப் போக்குவரத்தின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை. மூடுபனி, ரேடியோவில் தெளிவில்லாத பேச்சு என்று காரணங்கள் பல. அவற்றோடு, ஒரு கேள்வியை இரண்டாவது முறை கேட்கத் தயங்கியதும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்று. 1990 ஜனவரி 25, நியூயார்க். கொலம்பியாவிலிருந்து வந்த விமானம் மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்திலேயே காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. கோ-பைலட், தங்களுக்கு முன்னுரிமை வேண்டும், எரிபொருள் தீர்கிறது என்று சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர, 'எமர்ஜென்சி' என்ற ஒரு வார்த்தையைக் கடைசி வரை சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் உடனே வழிவிட்டிருப்பார்கள். எஞ்சின்கள் நின்று விமானம் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள்.

இந்த இரண்டாவது விபத்தை நன்றாக யோசித்துப் பாருங்கள். அவர் பேசாமல் இருக்கவில்லை. பேசினார், ஆனால் பூசி மெழுகிப் பேசினார். நாமும் இப்படித்தான். டாக்டரிடம், "நெஞ்சு கொஞ்சம் என்னவோ மாதிரி இருக்கு, ஒண்ணுமில்லை, வாயுவா இருக்கும்" என்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலிக்கிறது என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சம். "பாவம், தூங்கிண்டிருப்பா, விடியட்டும்" என்று காத்திருந்து விடியாமலே போன குடும்பங்களை நானறிவேன், உங்களில் பலரும் அறிவீர்கள்.

விமானக் கம்பெனிகள் பாடம் கற்றன. 1979-ல் அமெரிக்காவின் நாசா இதற்காகவே நிபுணர்களைக் கூட்டிப் பேசியது. 1981-ல் அங்கே ஒரு பெரிய விமானக் கம்பெனி தன் விமானிகள் எல்லோருக்கும் பயிற்சி ஆரம்பித்தது. ஜூனியர் எப்படிச் சொல்ல வேண்டும், சீனியர் எப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று இரண்டும் அந்தப் பயிற்சியில் உண்டு. இன்று உலகெங்கும் விமானிகளுக்கு இது கட்டாயப் பாடம்.

ஆபரேஷன் தியேட்டரிலும் இதே கதைதான். பெரிய சர்ஜனிடம் நர்ஸ் எப்படி, "சார், இது வலது காலா, இடது காலா?" என்று கேட்பாள்? உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் கொண்டு வந்தது. அதில் ஓர் அம்சம், கத்தி வைப்பதற்கு முன் அங்கிருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது. ஒரு தரம் வாய் திறந்தவருக்கு அடுத்த தரம் பேசத் தைரியம் வரும் என்பதே இதன் சூட்சுமம். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் பரீட்சித்துப் பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பின் இறப்பவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். புது மருந்து கிடையாது, புது மெஷின் கிடையாது. சரிபார்த்ததும் வாய்விட்டுப் பேசியதும்தான்.

நாம் ஏன் பேசத் தயங்குகிறோம்? சின்ன வயசிலிருந்து, "பெரியவா பேசறச்சே நடுவிலே பேசாதே" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த வளர்ப்பில் நான் குறை காணவில்லை. அந்தப் பணிவுதான் நம்மைப் புது ஊர்களில், புது மனுஷர்கள் நடுவில் நல்ல பெயரோடு வாழ வைத்தது. ஆனால் நம் புராண இதிகாசங்கள் பணிவை மட்டும் சொல்லவில்லை. கௌரவர் சபையில் திரௌபதியை இழுத்து வந்தபோது, பீஷ்மர் முதலான பெரியவர்கள் அவள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறினார்கள். விதுரர் எடுத்துச் சொன்னார். துரியோதனனின் சொந்தத் தம்பி விகர்ணன் எழுந்து, இது அதர்மம் என்று வாதாடினான். வயதில் சின்னவன், அண்ணனின் சபை, எதிரில் பாட்டனார் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் பேசினான். விபீஷணனும் அண்ணனுக்கு எதிரில் நின்றுதான் சொன்னான். இவர்களை யாரும் மரியாதை தெரியாதவர்கள் என்று சொல்வதில்லை. வள்ளுவரும் அடக்கத்துக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், அவை அஞ்சாமைக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்.

விகர்ணன் பேசியபோது கர்ணன் அவனை அதட்டி உட்கார வைத்தான். அப்போது சபையில் இன்னும் பத்துப் பேர் எழுந்து, "அவன் சொல்வது சரி" என்று சொல்லியிருந்தால்? சாலமன் ஆஷ் என்ற மனோதத்துவ நிபுணர் 1951-ல் ஒரு சோதனை செய்தார். இரண்டு அட்டைகள். ஒன்றில் ஒரு கோடு, மற்றொன்றில் மூன்று கோடுகள். எது முதல் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்த மற்ற எல்லோரும், முன்பே பேசி வைத்துக்கொண்டு, தப்பான பதிலைச் சொன்னார்கள். தனியாக மாட்டிக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான பதிலையே சொன்னார்கள். அதே அறையில் சரியான பதில் சொல்ல இன்னும் ஒரே ஒருவர் இருந்தால்? தப்பு கால்வாசியாகக் குறைந்தது.

ஆகையால் உங்களுக்கு என் முதல் வேண்டுகோள். முதல் ஆளாக எழுந்து பேச எல்லோராலும் முடியாது. இரண்டாவது ஆளாக, "அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கேட்போம்" என்று சொல்ல எல்லோராலும் முடியும். குடியிருப்புச் சங்கக் கூட்டம், கோயில் கமிட்டி, ஏன், நம் சங்கத்தின் பொதுக்குழுவிலும் இதைச் செய்யுங்கள். "கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்" என்று மினிட்ஸில் எழுதுவதும், வாசலில் செருப்பு மாட்டும்போது ஆளுக்கு ஆள் குறை சொல்வதும் எந்த அமைப்புக்கும் நல்லதில்லை.

இப்போது வீட்டுக்கு வருவோம்.

ஃபிக்சட் டெபாசிட்டைப் புதுப்பிக்க பாங்குக்குப் போகிறோம். "அங்க்கிள், இதைவிட நல்ல ஸ்கீம்" என்று ஒரு பெண் சிரித்த முகத்தோடு இன்ஷூரன்ஸ் பாலிசியைத் தலையில் கட்டிவிடுகிறாள். "நம்ம பேத்தி மாதிரி இருக்கா, எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்று 72 வயதுக்காரர் பத்து வருஷம் பிரீமியம் கட்ட ஒப்புக்கொள்கிறார். இப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் பயப்பட வேண்டாம். ஆயுள், மருத்துவப் பாலிசிகளில், பாலிசி கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் கொடுத்துத் திருப்பலாம். சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வந்துவிடும். முன்பு 15 நாளாக இருந்ததை 2024-ல் 30 நாளாக ஆக்கியிருக்கிறார்கள். சட்டம் நமக்கு ஒரு மாதம் தருகிறது. தாட்சண்யம் அந்த ஒரு மாதத்தையும் சாப்பிட்டுவிடக் கூடாது.

ஜாமீன் கையெழுத்து இன்னொரு பொறி. "சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா" என்பார்கள். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் கட்டாவிட்டால் நம் வாசலுக்கு வருவார்கள். கொடுக்க முடிந்த தொகையைத் திரும்ப எதிர்பார்க்காமல் கொடுத்துவிட்டு, "ஜாமீன் மட்டும் நான் போடறதில்லை" என்று சொல்லிவிடுவது உறவுக்கும் நல்லது.

வீட்டைப் பிள்ளை பெயருக்கோ பெண் பெயருக்கோ எழுதி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் நல்ல பாதுகாப்பு இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அதை ரத்து செய்ய ட்ரிப்யூனலுக்கு மனுப் போடலாம். ஆனால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவதுதான் பத்திரம். "சொந்தப் பிள்ளையிடம் போய் நிபந்தனையா, அவன் மனசு புண்படாதோ?" என்று கேட்கிறார்கள். நல்ல பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் நஷ்டமில்லை. அதை முகத்துக்கு நேரே, சந்தோஷமான ஒரு நாளில், காபி சாப்பிட்டுக்கொண்டே சொல்லுங்கள். வக்கீல் மூலம் தெரியவந்தால்தான் மனசு புண்படும்.

எல்லாவற்றையும்விட இன்று முக்கியமானது டெலிபோன். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற மோசடியைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருக்கிறது, உங்கள் ஆதார் நம்பரில் கறுப்புப் பணம் போயிருக்கிறது என்று ஒருவன் ஆரம்பிப்பான். அடுத்து யூனிபார்ம் போட்ட ஒருவன் வீடியோவில் வருவான். காமிரா முன்னாலிருந்து நகரக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்பான். கடைசியில், சரிபார்க்க வேண்டும், பணத்தையெல்லாம் இந்தக் கணக்குக்கு அனுப்பு என்பான். ஏமாந்தவர்களில் படிக்காதவர்கள் மட்டும் இல்லை. பேராசிரியர்கள், டாக்டர்கள், பெரிய பதவியில் இருந்து ரிடையர் ஆனவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும் என்று இருக்கும் நம் குடும்பங்கள் இவர்களுக்குச் சௌகரியமான இலக்கு.

நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். இது தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். காரணம், அதிகாரமாகப் பேசுகிறவனின் போனை நடுவில் வைக்கக் கை வருவதில்லை. "சார், சார்" என்று எழுந்து நின்று பழகிவிட்டோம். ஆகவே இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்ன மாத்திரத்தில் அவன் திருடன். போனை வையுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: அப்பா ஏமாந்துவிட்டார் என்று தெரிந்தால் திட்டாதீர்கள். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பலர் அந்த முதல் சில மணி நேரத்தை வீணாக்குகிறார்கள்.

சரி, எப்படிச் சொல்வது? விமானிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை சுலபமானது. முதலில் ஆளை அழை. உன் கவலையைச் சொல். என்ன ஆபத்து என்று சொல். என்ன செய்யலாம் என்று சொல். கடைசியில் சம்மதத்தைக் கேள். ராத்திரிப் பயணத்தில் டாக்ஸி டிரைவர் தூங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "தம்பி, எனக்குப் பயமா இருக்கு. உங்க கண்ணு சொருகறது, வண்டி ஓரத்துக்குப் போறது. அடுத்த தாபாவிலே நிறுத்தி அரை மணி படுத்து எழுந்துக்கோங்க, நாங்க டீ சாப்பிடறோம். சரிதானே?" இதில் திட்டு இல்லை, கெஞ்சல் இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து மனசுக்குள் சுலோகம் மட்டும் சொல்லிக்கொண்டு வருவதைவிட இது மேல். சுலோகமும் சொல்லலாம், டிரைவரிடமும் சொல்லலாம்.

மறுக்க வேண்டிய இடத்தில் பொய்க் காரணம் சொல்லாதீர்கள். "அவர் ஊரில் இல்லை" என்றால் ஊருக்கு வந்ததும் திரும்ப வருவார்கள். "எங்களுக்கு வேண்டாம்" என்றால் முடிந்தது. வற்புறுத்தினால் அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். புதுப்புதுக் காரணம் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் எதிராளி ஒரு பதில் வைத்திருப்பான். உடனே சொல்ல வாய் வராதவர்கள், "யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று ஒரு ராத்திரி அவகாசம் வாங்கிக்கொள்ளுங்கள். இதை முதலில் சின்ன இடங்களில் பழகுங்கள். காய்கறிக்காரர் அழுகல் தக்காளி போட்டால் மாற்றித் தரச் சொல்வதில் ஆரம்பிக்கலாம்.

கடைசியாக, கேட்கிறவர்களின் தர்மம். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் விபத்துக்குள்ளாகி 158 பேர் மாண்டது நமக்கெல்லாம் நினைவிருக்கும். விமானம் சரியான உயரத்தில் வரவில்லை என்று பார்த்த கோ-பைலட், இறங்காமல் திரும்ப மேலே போகலாம் என்று மூன்று முறை சொன்னதாக விசாரணை அறிக்கை சொல்கிறது. கேப்டன் இறங்குவதையே தொடர்ந்தார். சொல்பவர் சொல்லிவிட்டார், கேட்பவர் கேட்கவில்லை.

நம் வீடுகளில் கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இங்கே முன் வரிசையில் இருக்கும் நாம்தான். ஆபீஸ் போகும் மாட்டுப்பெண், "அம்மா, வேலை நாளில் பதினைந்து பேருக்குச் சமைக்க என்னால் முடியவில்லை, ஆள் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் அதை எதிர்த்துப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு நாள் யோசித்து, எத்தனை முறை மென்று விழுங்கி, அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வந்ததோ! அதேபோல, குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்றாவது தடவையாக அமெரிக்கா வரச் சொல்லும் பிள்ளையிடம், "எனக்கு முட்டி வலி, இந்த முறை வரலைடா" என்று சொல்லும் அம்மாவின் பாசத்தைச் சந்தேகிக்க வேண்டாம். முதல் முறை சொன்னபோது சுள்ளென்று விழுந்தோமானால், இரண்டாவது முறை சொல்ல மாட்டார்கள். நம்மைச் சுற்றி எல்லோரும் "சரி, சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சொல்லிப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டார்களோ என்று ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்று ராத்திரி வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "என்னிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது உண்டா?" கேட்டுவிட்டு ஐந்து நிமிஷம் பதில் பேசாமல் இருங்கள். அந்த ஐந்து நிமிஷம்தான் கஷ்டம்.

நான் சொன்னதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாட்சண்யம் பார்க்காமல் இப்போதே எழுந்து கேட்கலாம். சாப்பாடு தயாராக இருக்கிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். பத்து நிமிஷம் பொறுத்தால் ரசம் ஒன்றும் ஆறிவிடாது. ஆறினால், சூடாக வேறு கேட்டு வாங்கிக்கொள்வோம்.